ஏழு வீடு மாறும் பூனைக்கு என்ன பயம்?

சகோதரிகளே, இந்த இதழில் ஒரு வாசகியின் கடிதத்தோடு ஆரம்பிக்கிறேன். எழுதியவர் ஏழு மாதக் கர்ப்பிணி. வரப்போகும் குழந்தைக்காக வீட்டுக்கு வெள்ளையடித்து, அறையைக் காலி செய்து, புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அன்று பரண் மேல் ஏறிய அவருடைய பூனை, ராத்திரியில் மட்டும்தான் இறங்குகிறதாம். போன வாரம் புது மெத்தையில் மூத்திரம் பெய்துவிட்டது. "இதுக்குப் பொறாமை வந்துடுச்சு. கொண்டுபோய் மீன் மார்க்கெட்டுல விட்டுடுங்க" என்கிறாராம் மாமியார். "அஞ்சு வருஷமா என் காலடியில வளர்ந்தது அக்கா. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு முத்துவின் நினைவு வந்துவிட்டது. நான் செய்த தவறைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மதுரையில் பல வருஷம் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். முற்றம், கிணற்றடி, கொல்லையில் முருங்கை மரம் எல்லாம் முத்துவின் ராஜ்யம். அங்கிருந்து மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடிக்கு வந்தோம். "அதை எப்படிக் கொண்டு போறது?" என்று கேட்டதற்கு என்னவர், "பூனை ஏழு வீடு மாறும்னு சொல்லுவாங்க. அதுக்கென்ன பயம்?" என்று சிரித்தார். வழக்கம்போல ஒரு கோணிச் சாக்கில் பிடித்துப் போட்டுக் கட்டி, லாரியில் சாமானோடு ஏற்றினோம். புது வீட்டில் ஆட்கள் பீரோவைத் தூக்கிக் கொண்டிருந்த நேரத்தில் சாக்கை அவிழ்த்தேன். முத்து அம்பு மாதிரி பாய்ந்து சமையலறைப் பரணில் ஏறி, அண்டாவுக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டான்.

நான் சும்மா இருந்தேனா? ஏணி வைத்து ஏறி, காலைப் பிடித்து இழுத்தேன். கையைப் பிறாண்டிவிட்டான். அவன் படுத்திருந்த பழைய போர்வை அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் துவைத்து, வீடு முழுக்க பினாயிலும் ஊற்றித் துடைத்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான்!

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்து மூலையில் முக்கி முக்கி உட்கார்ந்தான். ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கப் போனேன். நல்லவேளையாக என்னவர் தடுத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார். மூத்திரக் குழாய் அடைத்திருந்தது. குழாய் செருகி எடுத்தார்கள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிழைச்சிருக்காதும்மா" என்றார் டாக்டர். கிடாப் பூனைகளுக்கு மனக்கலக்கம் வந்தால் மூத்திரப்பை புண்ணாகி இப்படி அடைத்துக்கொள்வது உண்டாம்.

அவர் இன்னொன்றும் சொன்னார்: "உங்களுக்கு வீடுன்னா சுவரும் கூரையும். பூனைக்கு வீடுன்னா வாசனை."

வாசனையே வீடு

பூனை கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் உங்கள் புடவையிலும் கன்னத்தை வைத்து உரசுகிறதே, அது கொஞ்சல் மட்டும் அல்ல. கன்னத்தில் இருக்கும் சுரப்பிகளால் தன் வாசனையைப் பூசி, 'இது என் இடம்' என்று குறித்துக் கொள்கிறது. வெள்ளையடித்தால் அந்த அடையாளம் அழிந்துவிடும். பெயின்ட், புது மெத்தை, ஆட்கள் என்று எல்லா வாசனையும் ஒரே நாளில் மாறினால், இருந்த வீட்டிலேயே அது அந்நியமாகிப் போகிறது. மெத்தையில் மூத்திரம் பெய்தது பழி வாங்க அல்ல. பயந்துபோன பூனை தன் வாசனையைப் போட்டு மனதைத் தேற்றிக் கொள்கிறது. மூத்திரப்பைக் கோளாறாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

தாய்ப் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறுவது நிஜம்தான். ஆனால் அது தானாகப் பார்த்து, மோந்து, தேர்ந்தெடுத்த இடத்துக்குத் தன் காலால் நடந்து போகிறது. நாமோ சாக்கில் கட்டிக் கொண்டு போகிறோம். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

என்ன செய்தேன்?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முத்துவை வீடு முழுக்க விடாமல் ஒரு சின்ன அறையில் மட்டும் வைத்தேன். துவைக்காமல் தப்பிய என் பழைய நூல் புடவை ஒன்றை விரித்தேன். ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் வாசல் வெட்டி வைத்தேன். பூனைக்கு ஒளிய ஓர் இடம் வேண்டும். அதைப் பிடுங்கக் கூடாது. 2014ல் நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பயம் தெளிந்தன.

அறையின் ஒரு கோடியில் சோறும் தண்ணீரும். எதிர்க் கோடியில் பழைய பிளாஸ்டிக் பேசினில் மணல். இரண்டும் பக்கத்தில் இருந்தால் பூனைக்குப் பிடிக்காது. சாப்பாட்டு நேரத்தையும் பழைய கிண்ணத்தையும் மாற்றவில்லை. பாலை ஊற்றித் தாஜா செய்யவும் இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. தோலும் முள்ளும் நீக்கி, உப்புப் போடாமல் வேகவைத்த மீனைக் கையளவு வைத்தேன்.

தினமும் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். கூப்பிட மாட்டேன், முறைத்துப் பார்க்க மாட்டேன். எப்போதாவது கண்ணில் பட்டால் மெதுவாக இமையை மூடித் திறப்பேன். அப்படிச் செய்தால் பூனையும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்கிறது, தயங்காமல் கிட்டே வருகிறது என்று 2020ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் முத்து தானாக வந்து என் முழங்காலில் கன்னத்தை உரசினான். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன். அப்போதும் வாரத்துக்கு ஓர் அறை என்றுதான். உரசிய துணியை எடுத்து அடுத்த அறைக் கதவிலும் கட்டில் காலிலும் தேய்த்து வைத்தேன். தன் வாசனை தனக்கு முன்னால் போயிருந்தால் பூனைக்குத் தைரியம் வருகிறது.

குழந்தை வரும் வீட்டில்

அடுத்த வருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். இந்த முறை நான் உஷார். இரண்டு மாதம் முன்பே தொட்டிலைக் கட்டினோம். ஒரு வாரம் கழித்து மெத்தை. அப்புறம் குழந்தை சோப்பையும் பவுடரையும் நானே பூசிக்கொண்டு முத்துவுக்குச் சோறு வைத்தேன். குழந்தை அழும் சத்தத்தை செல்போனில் மெதுவாக ஓட விட்டு, நாளுக்கு நாள் கூட்டினேன். பேரன் பிறந்ததும் அவனைச் சுற்றிய துணியை முதல் நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன். குழந்தை வருவதற்கு முன் அவன் வாசனை வந்துவிட்டது. முத்து மோந்து பார்த்தான், பெட்டிக்குள் போனான், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டான்.

ஆனால் ஆசை வேறு, ஜாக்கிரதை வேறு. இவற்றை மறக்காதீர்கள்:

குழந்தையையும் பூனையையும் தனியே விடவே கூடாது. குழந்தை தூங்கும் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

கர்ப்பிணி மணல் தொட்டியைச் சுத்தம் செய்யக் கூடாது. பூனை மலத்தின் வழியே வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி வயிற்றுக் குழந்தைக்குத் தீங்கு செய்யும். அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத காய்கறியிலும், தோட்ட மண்ணிலும் இதே கிருமி இருக்கலாம் என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்.

பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நானும் போய் ஊசி போட்டுக் கொண்டேன். பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, மூத்திரம் வராமல் முக்கினாலோ காத்திருக்காதீர்கள். பட்டினி நீண்டால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். நமக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அது பூனைக்கு விஷம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: பரணுக்கு ஏணி வைக்காதீர்கள். பரணிலேயே உங்கள் பழைய புடவை ஒன்றைப் போட்டு, கீழே வழக்கமான நேரத்தில் வழக்கமான கிண்ணத்தில் சோறு வையுங்கள். புது மெத்தை கொஞ்ச நாள் பீரோவுக்குள் இருக்கட்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அது தாராளம். மார்க்கெட்டில் விடுவதைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள். வீட்டில் வளர்ந்த பூனைக்கு அங்கே பிழைக்கத் தெரியாது. பட்டினியில் வாட விட்டுவிட்டு வருவது 1960ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

என் மாமியாரும் முதலில் முத்துவைத் துரத்தச் சொன்னவர்தான். இப்போது சாயந்தரம் பேரனை மடியில் வைத்துக் கதை சொல்லும்போது, "முத்து எங்கேடா, இன்னும் காணோம்?" என்று வாசலைப் பார்க்கிறார். உங்கள் மாமியாரிடமும் ஒரு மாதம் தவணை கேளுங்கள். பூனை இறங்கி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.