ரோமானிய வாளுக்கு வரலாறு உண்டு, நம் வாளுக்கு?

பி.காம். படிக்கிறவனுக்கு வாளோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

ரோமானியப் படைவீரனின் குத்துவாள் கிளாடியஸ். ஸ்பெயின்காரர்களிடமிருந்து கற்றது, அலகு சுமார் இரண்டடி. முதலில் நீண்ட கூர்முனையுள்ள மைன்ஸ் வகை. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே விளிம்புகள் நேராக ஓடும், முனை சிறுத்த பொம்பெயி வகை. பிறகு குதிரைப்படையின் நீள வாளான ஸ்பாதாவைக் காலாட்படையும் எடுத்துக்கொண்டது. வாளின் வடிவத்தைப் பார்த்தே காலம் சொல்லிவிடுகிறார்கள்!

நம் நிலைமை என்ன? 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியபோதே இரும்பு வாள்கள் கிடைத்தன. ஆனால் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு பழசு? 2022ல் மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172 என்றார்கள், 2025ல் சிவகளைக்கு கி.மு. 3345. பெருமைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். நம் வாள் எப்போது நீண்டது, ஏன் நீண்டது, எந்த ஊர்க் கொல்லன் எப்படி அடித்தான் என்று கேட்பவர் குறைவு.

மண்ணில் இரும்பு துருப்பிடித்துவிடுமே என்பார்கள். ரோமானிய வாளும் துருப்பிடித்ததுதான். அவர்கள் உறையின் பட்டயங்களைக்கூட விடாமல் அளந்தார்கள். பொம்பெயி கி.பி. 79ல் எரிமலையில் புதைந்ததால் அவர்களுக்கு ஒரு தேதி கிடைத்தது. நமக்கும் வழி இருக்கிறது. பழனி மலை அடிவாரத்துப் பொருந்தலில், ஈமக்குழிப் பானையில் இருந்த நெல்லைச் சோதித்து கி.மு. 490 என்று கண்டார்கள். அப்படித் தேதி தெரிந்த குழிகளில் கிடைக்கும் ஆயுதங்களை வரிசையாக வைத்தால் நம் வாளின் வளர்ச்சியும் தெரியும்.

அதற்குக் குழிகள் கலையாமல் இருக்க வேண்டும். தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கம் உள்ள கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேடும் நியூட்டனும் எழுதியதைத் தொல்லியல் துறை 1928லேயே வெளியிட்டது. கொடைக்கானலுக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருக்கிறோம்? ஒரு கல்லைப் பெயர்த்தால் போவது கல் மட்டுமல்ல, தேதியும்தான்.

இப்போது வணிகத்துக்கு வருகிறேன். பழனி அருகே கலையமுத்தூரில் 1856ல் ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. இந்திய இரும்பும் எஃகும் செங்கடல் துறைமுகங்களுக்குப் போனதை 'பெரிப்ளூஸ்' நூல் சொல்கிறது. சரக்கு வாங்கியவன் வயதைக் கேட்டிருக்க மாட்டான், தரத்தைத்தான் கேட்டிருப்பான். நாமும் அதைக் கேட்கத் தொடங்கலாமே!