யார் சொல்லிச் சேர்கின்றன?



செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம். பள்ளிக்கூடம் போன எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கண்ணுக்கே தெரியாத செல்கள் யார் சொல்லி இப்படி ஒன்று சேர்கின்றன? வினாத்தாள் அதைக் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

1907ஆம் ஆண்டு. அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் பிரிந்து கடல்நீரில் உதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் அவை ஊர்ந்து வந்து ஒட்டிக்கொண்டு சிறு திரள்களாயின. அத்திரள்கள் பிறகு துளையும் கால்வாயுமாக முழுக் கடற்பஞ்சுகளாகவே வளர்ந்தன!

கடற்பஞ்சு எளிய உயிர், அதற்கு இது சாத்தியம் என்று தோன்றலாம். ஆனால் 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீர்நில வாழ்விகளின் கருச்செல்களைப் பிரித்துக் கலந்து பார்த்தார்கள். தோலாக வேண்டியவை வெளியே வந்தன. நரம்பாக வேண்டியவை உள்ளே போயின.

செல்கள் இப்படித் தம் வகையை இனம்கண்டு சேர்வதற்குப் பெரிதும் காரணமானவை செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள். அவற்றில் முக்கியமான கேட்ஹெரின்களைக் கண்டறிந்தவர் ஜப்பானின் மாசதோஷி தகேய்ச்சி. ஒரே வகைக் கேட்ஹெரின் உள்ள செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றும். அந்தப் பிடிக்குக் கால்சியம் வேண்டும்.

இப்படிச் சேர்ந்த திசுக்கள் என்ன செய்யும் என்பதற்கு நம் இரைப்பையே சாட்சி. உள்ளே அமிலமும் நொதியும் சுரக்கும் எபிதீலியம், உணவைக் கடையும் தசை, அந்த அசைவை ஒழுங்குபடுத்தும் நரம்பு, எல்லாவற்றையும் பிணைத்து ரத்தக் குழாய்களைத் தாங்கும் இணைப்புத் திசு என நான்கு வகையும் அங்கே இருக்கின்றன. எந்த ஒன்றும் தனியாக இட்லியைச் செரித்துவிடாது.

பிடி தளர்ந்தால் என்ன ஆகும்? பல புற்றுநோய்களில் செல்கள் கேட்ஹெரினை இழந்து, கூட்டத்தை விட்டு நழுவி, உடலின் வேறு இடங்களுக்குப் பரவுகின்றன. அதனால்தான் கடற்பஞ்சில் தொடங்கிய கேள்வி இன்று புற்றுநோய் ஆய்வுக்கூடங்களிலும் கேட்கப்படுகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் செல் முதல் உறுப்பு மண்டலம் வரையான அந்த நான்கு சொற்களை மனப்பாடம் செய்யும்போது, "எப்படிச் சேர்ந்தன?" என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். அவர்கள் திருப்பிக் கேட்பதை எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்