பொம்மையை லேபர் வார்டுக்குக் கொண்டுவாருங்கள்

பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டுகிறது. என்ன மருந்து, எவ்வளவு என்பது அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் அத்துப்படி. கருப்பையைப் பிசைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "சிஸ்டர், டிரானெக்ஸாமிக் போடுங்க" என்கிறார் டாக்டர். அறையில் மூன்று சிஸ்டர்கள். இன்னொருவர் போடுவார் என்று மூவருமே இருந்துவிடலாம். இருவர் ஆளுக்கொரு டோஸ் ஏற்றியும் விடலாம். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டு, "ஒரு கிராம் ஐவி போட்டாச்சு மேடம், மணி 10.12" என்று பதில் வந்தால்தான் அந்த உத்தரவு நிறைவேறியதாகக் கணக்கு.

இந்தப் பழக்கம் வகுப்பில் வராது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் உள்ள சவுத்மீட் மருத்துவமனை 2000-இல், மகப்பேற்று அவசரநிலைகளுக்கான ஒருநாள் பயிற்சியைத் தன் வளாகத்திலேயே தொடங்கியது. டாக்டர்களும் பிரசவச் செவிலியர்களும் ஒன்றாகப் பயின்றார்கள். ஐந்தாம் நிமிட ஆப்கார் 6-ஐத் தாண்டாத குழந்தைகள் 10,000 பிறப்புகளுக்கு 86.6-இலிருந்து 44.6 ஆகக் குறைந்ததாக 2006-இல் முடிவு வெளியானது. ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் 27.3-இலிருந்து 13.6. முன்-பின் ஒப்பீடுதான், முழுப் பெருமையும் பயிற்சியையே சேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அலட்சியப்படுத்தக்கூடிய எண்களும் அல்ல.

அதைவிட நமக்குப் பயன்படும் தகவல் ஒன்று உண்டு. தென்மேற்கு இங்கிலாந்து மருத்துவமனைகளில் நடந்த சமவாய்ப்பு ஆய்வில், சிமுலேஷன் மையத்துக்குப் போய்ப் பயின்றவர்களின் அறிவு, சொந்த மருத்துவமனையில் பயின்றவர்களைவிடக் கூடுதலாக உயரவில்லை. குழுப்பணிக்கென்று தனியாகச் சேர்த்த பாடமும் அந்த அளவீட்டில் கூடுதல் பலன் தரவில்லை.

நம் கல்லூரிகளிலோ 2019 பாடத்திட்டத்துக்குப் பிறகு ஸ்கில்ஸ் லேப் வந்துவிட்டது. விலையுயர்ந்த மேனிக்வின், பூட்டிய அறை, ஆய்வுக்குழு வரும் நாளில் திறப்பு! திறந்தாலும் எம்பிபிஎஸ் மாணவர்கள் ஒரு நாள், நர்சிங் மாணவிகள் வேறொரு நாள். நாளை ஒரே கட்டிலருகே நிற்கப்போகிறவர்களைப் பிரித்துவைத்துக் குழுப்பணி கற்பிப்பது வீண்வேலை.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இருபது நிமிடப் பயிற்சி போதும். இடம் உங்கள் லேபர் வார்டு. ஆட்கள் அன்றைய டூட்டிக்காரர்கள். துறைத்தலைவரிடம் முன்பே பேசிவைத்து, பயிற்சியின் நடுவே அவரை ஒரு தவறான டோஸ் சொல்லச் செய்யுங்கள். ஹவுஸ் சர்ஜன் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் திறக்கமாட்டார். முடிந்ததும் நடக்கும் அலசலில் இளையவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில். யாரையும் மட்டம் தட்டக் கூடாது. ஒருமுறை தட்டினால் அடுத்த பயிற்சிக்கு ஆள் வந்தாலும் பேச்சு வராது.

சொந்த அறையில் நடத்தினால் அறையின் குறைகளும் வெளிவரும். கார்போப்ரோஸ்ட் இருக்கும் ஃபிரிட்ஜின் சாவி போன ஷிப்ட்டோடு வீட்டுக்குப் போயிருக்கும். அப்படி நீங்கள் கண்டவற்றை எழுதி அனுப்புங்கள். மருத்துவமனையின் பெயர் இல்லாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.