வெட்டிய கரும்பு காத்திருக்கலாமா?

கரும்பில் உள்ள சர்க்கரைக்கு சுக்ரோஸ் என்று பெயர். குளுகோஸும் பிரக்டோஸும் ஒன்றோடொன்று இணைந்து உண்டானது அது. ஆலையில் மணி மணியாக உறைந்து மூட்டைக்கு வருவது சுக்ரோஸ்தான். இணைப்பு அறுந்துவிட்டால் பிரிந்த இரண்டும் உறையாமல் கழிவுப்பாகோடு போய்விடும். வெல்லம் காய்ச்சினாலும் கட்டி பிடிக்காமல் கசியும்.

நிற்கும் கரும்பு சர்க்கரையைச் சேர்த்து வைக்கிறது. வெட்டிய கரும்போ இருப்பதை இழக்கிறது. கரும்பிலேயே உள்ள 'இன்வர்டேஸ்' என்னும் நொதி சுக்ரோஸைப் பிரிக்கிறது. வெட்டுவாயில் நுழையும் நுண்ணுயிர்கள் சாற்றைக் கொழகொழப்பாக்கிக் கெடுக்கின்றன. வெயில் ஏற ஏறச் சேதமும் ஏறும். தீயிட்டு வெட்டிய கரும்பும், இயந்திரம் துண்டு துண்டாக நறுக்கிய கரும்பும் இன்னும் விரைவாகக் கெடும்.

இதில் விவசாயிக்கு இரட்டை நஷ்டம். காய்ந்த கரும்பு எடைமேடையில் குறைகிறது. ஆலையின் சர்க்கரைக் கட்டுமானமும் இறங்குகிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். கட்டுமானம் 0.1 சதவீதம் இறங்கினால் 34 ரூபாய் 60 காசு குறையும், 9.5 சதவீதத்துக்குக் கீழே மேற்கொண்டு குறைப்பு இல்லை. ஆலையின் சராசரியே கணக்கு என்பதால், புதுக் கரும்பு கொண்டு வந்தவரும் பழங்கரும்பின் பாரத்தைச் சுமக்கிறார்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை உண்டு. வெட்டு உத்தரவும் வண்டியும் உறுதியான பிறகே அரிவாள் எடுக்க வேண்டும். அடிக்கரும்பில் இனிப்பு அதிகம். தரையோடு ஒட்ட வெட்டுவது நல்லது. இனிப்புக் குறைந்த கொழுந்தாடையை நீக்கிவிட வேண்டும். வண்டி தாமதமானால் கரும்பைச் சோகையால் மூடித் தண்ணீர் தெளித்து வைக்கலாம். ஆனால் இது தற்காப்பே தவிர, பரிகாரம் ஆகாது.

வெட்டும் நாளைக் குறிப்பது ஆலை. அரவையை நடத்துவதும் ஆலை. உத்தரவுப்படி வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும். இயந்திரம் பழுதானால் அன்றே வெட்டை நிறுத்தச் சொல்வது ஆலையின் கடமை. ஆலை வாசலில் காத்துக் கிடந்த கரும்பின் எடை இழப்பை ஆலையே ஏற்பதுதான் நியாயம். ஓராண்டு தண்ணீர் கட்டி வளர்த்த இனிப்பு வண்டியிலேயே வீணாவதற்கு விவசாயி பொறுப்பல்ல.