எஞ்சினை மாத்தாதீங்க, பல்லை மாத்துங்க

பழைய மகிந்திரா ஜீப்பை வாங்கி, அதுல ஏதோ ஒரு பெரிய காரோட எஞ்சினைத் தூக்கி வைக்கிறது நம்ம கோயமுத்தூர்ச் சுத்துவட்டாரத்துல இப்போ ஒரு பித்தாவே ஆயிப்போச்சுங்க. பொள்ளாச்சி, உடுமலை, கோபி, எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்துச் சாளையில பானெட்டைக் கழட்டிப்போட்ட ஜீப் ஒன்னு நிக்குது. கேட்டா, "ஸ்பிதி போறோம், சன்ஸ்கார் போறோம், இந்த எஞ்சின் இழுக்காது"ன்னு பதில் வருது. பருத்தி வித்த காசு, தேங்காய் வித்த காசு, அப்பாரு சேத்து வெச்ச காசு எல்லாம் அந்தப் பானெட்டுக்குள்ள போகுது.

இது தேவையில்லாத வேலைன்னு நான் சொல்லுறேன். தேவையில்லாதது மட்டுமில்லைங்க, வண்டியைக் கெடுக்கிற வேலை.

நம்ம வீட்டு டிராக்டரையே எடுத்துக்குங்க. 45 குதிரைத்திறன். ரோட்டுல ஓடுற சாதாரணக் காருக்கு 80 குதிரைத்திறன் இருக்கு. அந்தக் காரைக் கொண்டாந்து அஞ்சு கலப்பையைக் கட்டி நம்ம செம்மண் காட்டுல உழச் சொல்லுங்க பார்ப்போம். நின்ன எடத்துல கிளட்ச் கருகிப்போகும். உழவு ஓட்டுறது எஞ்சினோட குதிரை இல்லைங்க, அந்தக் குதிரையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற பல்லுச் சக்கரங்கதான். இது தெரியாத விவசாயி கிடையாது. ஆனா ஜீப்னு வந்தா மட்டும் எல்லாருக்கும் மறந்துபோகுது.

கணக்காவே சொல்லுறேன். பழைய பெட்ரோல் சிஜே ஜீப்புல முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 2.8. டிரான்ஸ்பர் கேஸ்ல லோ போட்டா 2.46. அச்சுல இருக்கிற கிரவுன் பினியன் 5.38. மூணையும் பெருக்குனா 37. எஞ்சின் 37 சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து சுத்தும், முறுக்குவிசையும் கிட்டத்தட்ட அத்தனை மடங்காகும். 28 அங்குல டயர் போட்ட வண்டி, ஆக்சிலேட்டர்ல காலே வைக்காம, எஞ்சின் 700 சுத்துல மணிக்கு ரெண்டரை கிலோமீட்டர்ல ஊர்ந்து போகும். ஆள் நடக்கிறதை விட மெதுவு. கல்லு மேல சக்கரத்தை எடுத்து வைக்கிறதுக்கு அந்த வேகம்தான் வேணும்.

இப்போ நம்ம பசங்க பண்ணுற வேலையைப் பாருங்க. ரோட்டுல நூறுல போகணும்னு அச்சுல 3.73 பல்லைப் போடுறாங்க. 37 இருந்தது 26க்கும் கீழ வந்துருது. அழகுக்குன்னு 33 அங்குல டயர் மாட்டுறாங்க. டயர் உசந்தா சக்கரத்துக்கு வர்ற இழுவை இன்னும் குறையும். கடைசியில மிஞ்சுறது 22 மடங்குக்குச் சமம். பழைய வண்டி இழுத்த அளவுக்கே இது இழுக்கணும்னாலும் எஞ்சின் ஒன்னேமுக்கால் மடங்கு முறுக்குவிசை குடுக்கணும். அதாவது, லட்சம் லட்சமாச் செலவு பண்ணிப் புது எஞ்சின் வெச்சது, பல்லையும் டயரையும் மாத்தித் தொலைச்சதைத் திருப்பி வாங்கத்தான். லாபம் ஒன்னுமில்லை. மெதுவா ஊர்ற பக்குவம் மட்டும் திரும்பி வராது. பாறை வந்தா அரை கிளட்ச்சுலதான் ஏத்தணும்.

"மலை உசரத்துல காத்து கம்மி, பழைய டீசல் எஞ்சின் மூச்சு வாங்கும்"னு ஒரு வாதம் வைப்பாங்க. நியாயமான வாதம்தான். 15,000 அடிக்கு மேல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். டர்போ இல்லாத எஞ்சின் அங்க நல்லாவே சோந்து போகும். ஆனா அதுக்கும் மருந்து பல்லுலதான் இருக்கு. மகிந்திரா வண்டியிலேயே வந்த அஞ்சு கியர் பாக்ஸ் கிடைக்குது. முதல் கியர் 4 பக்கம் இருக்கிற பாக்ஸும், அச்சுல 4.88 பல்லும் இருந்தா, லோ போட்டு 48 மடங்கு வரும். அஞ்சாவது கியர் ஒன்னுக்குக் கீழ இருக்கிறதால பைபாஸ்லயும் எஞ்சின் கத்தாது. எண்பதுல போகாது, அறுபதுல போகும். லடாக் என்ன, நாளைக்கே இடம் பேந்து போயிருமாங்க?

அஞ்சு கியர் பாக்ஸ் வெச்சா எல்லாம் முடிஞ்சுதுன்னும் நினைச்சுக்காதீங்க. பாக்ஸ் நீளமானா பின்னாடி ஷாப்ட் குட்டையாகும். ஷாப்ட் குட்டையானா கிராஸ் ஜாயிண்டோட கோணம் ஏறும், கோணம் ஏறுனா அதிரும், கிராஸ் சீக்கிரம் போகும். சிஜே 3பி மாதிரி 80 அங்குல வீல்பேஸ் வண்டியில இது ரொம்பச் சிக்கல். எம்எம் 540க்கு 91 அங்குலம், கொஞ்சம் தப்பிக்கலாம். ஷாப்டை வெட்டி ஒட்டுனா பேலன்ஸ் பார்க்காம மாட்டவே கூடாது. கிரவுன் பினியன் மாத்துனா முன்னச்சு, பின்னச்சு ரெண்டுலயும் ஒரே விகிதம் இருக்கணும். ஒன்னை மட்டும் மாத்திட்டுப் போர்வீல் போட்டா டிரான்ஸ்பர் கேஸ் நொறுங்கும். பிரேக் பழைய டிரம்மாவே இருந்தா, பெரிய டயரைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பாருங்க.

இதெல்லாம் செய்ய வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பம்பு, கியர், வார்ப்படம்னு உலகத்துக்கே செஞ்சு குடுக்கிற ஊருங்க நம்மது. கணபதியிலயும் பீளமேட்டுலயும் இருக்கிற லேத்துப் பட்டறைக்காரங்களுக்கு இது கைவந்த வேலை. ஆனா பல்லு மாத்துற வேலையில பட்டறைக்குப் பெரிய காசு கிடையாது, இன்ஸ்டாகிராம்ல போடப் படமும் கிடையாது. எஞ்சினை மாத்துனாத்தான் ரெண்டும். அதனாலதான் எல்லாரும் எஞ்சினை மாத்தச் சொல்லுறாங்க.

தூரமா, ஆளில்லாத நாட்டுக்குப் போறது எப்படின்னு தெரிஞ்சவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்களைக் கேளுங்க. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம்னு மாசக்கணக்குல ஊரைச் சுத்துறவங்க. அவங்க வண்டியை எடுக்கிறப்போ, போற ஊர்ல எந்த சாமான் கிடைக்கும்னுதான் மொதல்ல பார்ப்பாங்க. கிளட்ச் பிளேட்டு, கிராஸு, சீலு, பேரிங் எல்லாம் பெட்டியில இருக்கும். சன்ஸ்கார்ல நிக்கிற வண்டிக்குப் பழைய மகிந்திரா சாமான் எப்படியாவது வந்து சேரும். உக்கடத்துல வாங்குன ஏதோ ஒரு ஜப்பான் எஞ்சினோட சென்சார் வருமாங்க?

சட்டம் இன்னொரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கு ஆர்சி புத்தகம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்சநீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிருச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லாட்டி ரெண்டுமேன்னு ஆச்சு. வேற எஞ்சின் இருந்தா எஞ்சின் நம்பரே ஆர்சியோட சேராது, விபத்தானா இன்சூரன்ஸ்காரனும் கையை விரிப்பான். பல்லு விகிதம் ஆர்சியில எழுதுற விவரம் இல்லை. இருந்தாலும் வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. 15 வருசம் தாண்டுன வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022ல இருந்து 5,000 ரூபாய் ஆச்சு, முன்னாடி 600தான். 20 வருசம் தாண்டுனதுக்கு 2025ல 10,000 ஆக்கிட்டாங்க. இத்தனை காசு கட்டிக் காப்பாத்துற ஆர்சியை ஒரு எஞ்சினுக்காக எதுக்குங்க பாழ் பண்ணணும்?

எனக்கு இதுல வயித்தெரிச்சல் வேற ஒரு காரணத்துக்காக. சத்தியமங்கலம் கடம்பூர் மலையில மாக்கம்பாளையம்னு ஒரு ஊர். போற வழியில சர்க்கரைப்பள்ளம், குரும்பூர்ப்பள்ளம்னு ரெண்டு காட்டுப்பள்ளம். மழை பெஞ்சு தண்ணி வந்தா பஸ் நின்னுபோறது அந்த சனத்துக்கு வருசக்கணக்கா இருந்த கஷ்டம். இந்த மாதிரி மலை ஊருக்கெல்லாம் மூட்டை ஏத்தவும், பிரசவ வலி கண்ட பொம்பளையைக் கீழ கொண்டாறவும் பழைய ஜீப்புதான் துணை. ஓடியோடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணியில இறங்குனா, உள்ள காத்து சுருங்கி சீல் வழியாத் தண்ணியை இழுக்கும். ஆயில் மோர் மாதிரி ஆயிரும். அதுக்கு அச்சோட மூச்சுக்குழாயில ஒரு ரப்பர் டியூப் மாட்டி உசரக் கட்டுனாப் போதும். செலவு சில நூறு ரூபாய். இந்த வித்தை மலையில வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியும், பத்து லட்சம் செலவு பண்ணுன பலருக்குத் தெரியாது.

இந்தப் பித்தால அந்த மலைக்காரனுக்குத்தான் அடி. பழைய ஜீப்புக்கு விலை ஏறிப்போச்சு. நல்ல டிரான்ஸ்பர் கேஸையும் அச்சையும் விளையாட்டுக்கு உடைச்சுப் பழைய இரும்புக்குப் போடுறோம். அவனுக்கு மாத்து சாமான் தேடுனாக் கிடைக்கிறதில்லை.

ஊர் சுத்த வேண்டாம்னு நான் சொல்லலை. தாராளமாப் போங்க. புலிகள் காப்பகக் காட்டுக்குள்ள வழியில்லாத வழியில மட்டும் வண்டியை விடாதீங்க. வண்டிக்கு வேலை செய்யுறதா இருந்தா அச்சு, பல்லு, ஷாப்ட், பிரேக்குன்னு கீழ இருந்து மேல வாங்க. எஞ்சின் கடைசி. அடுத்த தடவை பட்டறையில யாராவது "இதுல இத்தனை குதிரை இருக்குங்க"ன்னு ஆரம்பிச்சா, "லோவுல எத்தனை மடங்குங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத பட்டறையில சாவியைக் குடுக்காதீங்க.