சேர்மங்களின் பெயரிலக்கணம்

இலக்கண நூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் இருவகையாகப் பகுப்பர். வேதியியலார் விதிப்படி சேர்மங்களுக்கு இட்ட பெயர்கள் காரணப்பெயர்களே. இவ்வுண்மையை உணராமையால்தான் மாணவர் பலர் அப்பெயர்களைக் கண்டு அஞ்சுகின்றனர் என்பது என் கருத்து.

நீலகிரியில் கோத்தகிரிக்கு அண்மையில் உள்ளது கட்டபெட்டு. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில் மாணவன் ஒருவன் சேர்மங்களின் பெயர்களை உரத்த குரலில் நெட்டுருச் செய்துகொண்டிருந்தான். வீட்டில் படுக மொழியும் பள்ளியில் தமிழும் பேசும் அவனுக்கு அவை மற்றுமொரு புதுமொழியாகத் தோன்றின. “ஐயா, நெட்டுருவன்றி வேறு வழி இல்லையா?” என்று வினவினான். திண்ணையில் அவன் தந்தையார் வாங்கி வைத்த உரமூட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்றில் அமோனியம் சல்பேட்டு. மற்றொன்றில் பொட்டாசியம் குளோரைடு. “நடந்தான் என்னும் சொல்லைப் பிரித்துக் கூறு” என்றேன். ‘நட’ பகுதி, ‘ஆன்’ விகுதி என்று தொடங்கித் தடையின்றிக் கூறினான். “இம்மூட்டைகளின் பெயர்களையும் அவ்வாறே பிரிக்கலாம்” என்றேன்.

உலோகத்தின் பெயரோ, அதன் நிலையில் நிற்கும் அமோனியத்தின் பெயரோ முன் வரும். அலோகத்தின் பெயர் விகுதி ஏற்றுப் பின் வரும். ‘ஐடு’ என முடியின் பெரும்பாலும் இரண்டே தனிமங்கள் கூடியவை. ‘ஐட்டு’, ‘ஏட்டு’ என முடியின் ஆக்சிஜனும் உடன் உள்ளது; முன்னதில் குறைவு, பின்னதில் மிகுதி. சல்பைடில் ஆக்சிஜன் இல்லை, சல்பைட்டில் கந்தக அணு ஒன்றுக்கு ஆக்சிஜன் அணுக்கள் 3, சல்பேட்டில் 4.

ஓர் எழுத்துப் பிழைப்பின் பொருளே பிழைத்துவிடும். பொட்டாசியம் குளோரைடு தேயிலைக்கு இடும் உரம். பொட்டாசியம் குளோரேட்டோ தீக்குச்சியின் தலையில் தீப்பற்றத் துணைசெய்யும் பொருள். ஆதலின் எழுத்துப் பிழையின்றி எழுதுதல் தமிழ்த் தேர்வுக்கு மட்டும் உரிய கடமை அன்று.

நம் முன்னோரும் பொருளின் இயல்பை நோக்கிப் பெயரிட்டனர். காப்பர் சல்பேட்டை அதன் நீலநிறம் பற்றி மயில் துத்தம் என்றனர். ஜிங்க் சல்பேட்டை வெள்ளைத் துத்தம் என்றனர். இரண்டும் ஓரினம் என்பதைத் துத்தம் என்னும் பொதுச்சொல் காட்டுகின்றது. ஆயினும் இரும்பின் சல்பேட்டு அன்னபேதி எனப்பட்டது. அது துத்தங்களின் உறவினம் என்பதை அப்பெயர் உணர்த்தவில்லை. நிறத்தைக் கொண்டு பெயரிடுவதில் உள்ள குறை இதுவே. ஐரோப்பாவிலும் பண்டைப் பெயர்கள் இத்தகைய குழப்பத்தை விளைவித்தன. அதனால் லவாய்சியர் முதலிய பிரெஞ்சு அறிஞர் நால்வர், பொருளின் கூறுகளைக் காட்டும் பெயரிடு முறையை 1787-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1919-இல் தோன்றிய வேதியியலாரின் உலக அமைப்பு இன்று அவ்விதிகளைப் பேணி வருகின்றது.

பழம்பெயர்களைக் கைவிடவேண்டும் என்று யான் கூறேன். அவை நம் மருத்துவ நூல்களைத் திறக்கும் திறவுகோல்கள். ஆனால் பொருளின் கூறுகளை அறியப் புதுப்பெயர்களே வேண்டும். இரண்டையும் கற்றலே அறிவுடைமை.

சில நாள் கழித்து அம்மாணவன், தேயிலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் மருந்தின் பெயரைப் படித்தான். “இதில் செம்பும் ஆக்சிஜனும் குளோரினும் உள்ளன, ஐயா” என்றான். அப்பெயர் அவன் நெட்டுருச் செய்த பட்டியலில் இல்லாதது. நெட்டுரு கற்ற பெயர்களை மட்டுமே தரும். இலக்கணமோ கல்லாத பெயர்களையும் அறிவிக்கும். மாணவர்களே, விதியை அறிந்து பெயரைக் கற்பீராக.