பரண்ல போடுறதுக்குப் பேரு பாதுகாப்பா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடான பதிவு. கோவிச்சுக்காதீங்க.

"தாத்தா காலத்துப் பொக்கிஷம், கை படாம வச்சிருக்கோம்"னு இசைத்தட்டுகளைப் படம் புடிச்சுப் போடுற அன்பர்களே, ஒரு கேள்வி. அந்தப் பொக்கிஷம் எங்கே இருக்கு? டிரங்குப் பெட்டியில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பரண்ல. சரிதானே? அதுக்குப் பேரு பாதுகாப்பு இல்லீங்க, கொலை.

கொலை பண்ணினவன்ங்கிற முறையில சொல்றேன். அப்பா போனப்புறம் அவர் பெட்டியை யாரும் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான். சீர்காழி ஓட்டு வீட்டுப் பரண்ல பத்து வருஷம் கிடந்துச்சு. திறந்து பார்த்தா, எல்பி எல்லாம் சூட்டுல அப்பளமா நெளிஞ்சு கிடக்கு. அடியில இருந்த 78 தட்டுகள்ல விரிசல். அதுல ஒண்ணு சீர்காழி கோவிந்தராஜன் பாடினது. 1933ல இதே ஊர்ல பிறந்த மனுஷர். அவர் குரலுக்கு அவர் ஊர்லயே இந்தக் கதி!

அப்போ தரையில வைக்கலாமா? 2022 நவம்பர்ல ஒரே நாள்ல 44 செ.மீ. மழை கொட்டின ஊருங்க இது. உறை ஊறினா அப்புறம் பூஞ்சைதான்.

பரணும் வேணாம், தரையும் வேணாம். அலமாரியோட நடுத்தட்டு. புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க, சாய விடாதீங்க. 12 அங்குல எல்பியையும் 10 அங்குல 78ஐயும் கலக்காதீங்க. பழைய 78 வினைல் இல்ல, அரக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா அரக்கு கரைஞ்சு, பாட்டும் போயிடும்.

அடுத்து, "பாடகர் வாரியா அடுக்கணும்"னு சண்டைக்கு வர்றவங்களுக்கு. சினிமா 78ல ஒரு பக்கம் ஒருத்தர், மறுபக்கம் இன்னொருத்தர் பாடியிருப்பார். தட்டை ரெண்டா உடைச்சா வைப்பீங்க? கம்பெனி, நம்பர் வாரியா அடுக்குங்க. பாடகர், படம், ராகம் எல்லாம் ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதிக்கலாம். எழுதும்போதே எது உடைஞ்சிருக்கு, எது பாடுதுன்னு தெரிஞ்சிடும்.

நமக்குத் தொடாம கும்பிட்டாத்தான் மரியாதை. இசைத்தட்டு சாமி படம் இல்லீங்க. எடுத்து, தூசி தட்டி, போட்டுக் கேட்டாத்தான் பாட்டு. இல்லேன்னா வெறும் தட்டு.

இந்த ஞாயித்துக்கிழமை பரண்ல ஏறிப் பாருங்க. என்னைத் திட்டுறதை இறங்கினப்புறம் வச்சுக்கலாம்.